பல சேனல் ஆம்ப்ளிபையர்: வாட் எண்ணை வைத்து எடைபோட முடியுமா?

நடு இருக்கை:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 9 சேனல் ரிசீவர் (படத்தின் ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும், ஆம்ப்ளிபையர் உள்ளேயே இருக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. கையேட்டில் "சேனலுக்கு 105 வாட், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, திரிபு 0.08 சதவீதம், இரண்டு சேனல்கள் இயங்கும்போது" என்று இருக்கிறது. அட்டைப் பெட்டியில் அதே கருவிக்கு 185 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். முன்பக்க ஸ்பீக்கர்கள் மூன்றும் 4 ஓம் வகை. உணர்திறன், அதாவது கொடுத்த மின்னழுத்தத்துக்கு வரும் ஒலியளவு, 2.83 வோல்ட்டுக்கு 1 மீட்டரில் 86 டெசிபல். நான் உட்காருவது 4 மீட்டர் தள்ளி. தாழ்சுரத்துக்கான சப்வூபர் தனியாக இருக்கிறது.

படத்தில் வெடிச் சத்தமும் வசனமும் சேர்ந்து வரும் இடங்களில் நடு ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் கரகரத்துக் காதைக் குத்துகிறது. அதனால் 5 சேனல் பவர் ஆம்ப்ளிபையர் ஒன்றைச் சேர்க்க நினைக்கிறேன். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஏபி வகுப்பு (டிரான்சிஸ்டர்கள் தொடர்ச்சியாக இயங்கும் வழக்கமான முறை), 30 கிலோ எடை, 8 ஓமில் 200 வாட். மற்றது டி வகுப்பு (டிரான்சிஸ்டர்கள் மிக வேகமாக அணைந்து எரியும் முறை), மூன்றில் ஒரு பங்கு எடை, அதே 200 வாட். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை வைத்து முடிவு செய்வது?

மந்தரஸ்தாயி:

முதலில் அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிடுவோம். 105 என்பது நிபந்தனைகளோடு சொல்லப்பட்ட எண், அதனால் அதை வைத்துக் கணக்குப் போடலாம். பெட்டியில் உள்ள 185 போன்ற எண்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தைக் கொடுத்து, திரிபு, அதாவது ஒலி அலை உருக்குலையும் அளவு, 10 சதவீதத்தைத் தொடும்வரை ஏற்றி எடுத்தவை. அந்த நிலையில் அலையின் மேல்முனையும் கீழ்முனையும் வெட்டுப்பட்டுத் தட்டையாகியிருக்கும். அந்த ஒலியை யாரும் விரும்பிக் கேட்க மாட்டார்கள்.

இந்த வாட் ஊதல் பழைய கதை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1974இலேயே இதற்கென்று விதி கொண்டுவந்தது. 2024இல் அதைத் திருத்தி, 8 ஓம் சுமை, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்கு உட்பட்ட திரிபு என்று அளவுகோலைக் கெட்டிப்படுத்தியது. எந்த நாட்டில் வாங்கினாலும் இந்த நிபந்தனைகள் கையேட்டில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று தேடுங்கள். எழுதவில்லை என்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, 105 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 2.8 டெசிபல். ஒலி இரு மடங்கு உரத்துக் கேட்பதற்குச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். பணத்தை எடுக்கும் முன் இந்த 2.8ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதிப்பெட்டி:

மந்தரஸ்தாயி, எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இசையைக் கேட்பது எப்போது? ரிசீவரிலிருந்து தனி பவர் ஆம்ப்ளிபையருக்கு மாறியவர்கள் ஒருவர் விடாமல் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: தாழ்ந்த சுரங்களுக்கு உடம்பு வருகிறது, அமைதியான இடங்கள் உண்மையிலேயே அமைதியாகின்றன. நானும் கேட்டிருக்கிறேன். 2.8 டெசிபல் என்று சொல்லி ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம் இல்லை அது.

இன்னொன்று. ரிசீவரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மின் நுகர்வு 650 வாட் அல்லது 700 வாட் என்று போட்டிருக்கும். ஒன்பது சேனலுக்கு 105 என்றால் 945 வாட். சுவரிலிருந்து 650 வாட் எடுக்கும் கருவி 945 வாட்டை எங்கிருந்து கொடுக்கும்? பவர் ஆம்ப்ளிபையரில் இந்த வித்தை இல்லை.

ஈயப்பற்று:

இந்த வாதம் எல்லா இடத்திலும் வருகிறது. முடிவு ஓரளவு சரி, காரணம் தவறு.

பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பது கருவியின் உச்சவரம்பு அன்று. மின்பாதுகாப்புச் சோதனையில், வெட்டுப்படாத உச்சத் திறனில் எட்டில் ஒரு பங்கை வெளியே கொடுக்கும்போது சுவரிலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்ற கணக்கு அது. இசையின் சராசரி அந்த அளவுக்குள்தான் இருக்கும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். முழுச் சுமையில் அதே கருவி அதைவிட அதிகமாகவே இழுக்கும். 30 கிலோ பவர் ஆம்ப்ளிபையரின் பின்பக்க எண்ணும் இதே முறையில் வந்ததுதான். ஆகவே அந்தத் தகட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

உண்மையான வரம்பு உள்ளே இருக்கிறது. பழுது பார்ப்பது என் தொழில், மூடியைக் கழற்றினால் கண்ணில் படுவதைச் சொல்கிறேன். 9 சேனல் ரிசீவரில் ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதன் பக்கத்தில் இரண்டு பெரிய மின்தேக்கிகள். நடுவில் ஒரே நீளமான அலுமினிய வெப்பத்தகடு, அதில் ஒன்பது சேனலின் டிரான்சிஸ்டர்களும் வரிசையாக முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஒன்பது பேரும் ஒரே கிணற்றில் நீர் இறைக்கிறார்கள். ஒரு சேனல் திடீரென்று நிறைய மின்னோட்டம் கேட்டால் எல்லோருக்குமான மின்னழுத்தமும் இறங்கும். அதனால்தான் இரண்டு சேனலுக்கு 105 வாட் கொடுக்கும் கருவி, ஏழு சேனலை ஒரே சமயத்தில் முழு வேகத்தில் ஓட்டினால் பாதிக்கும் கீழே விழக்கூடும். சிலவற்றில் பாதுகாப்புச் சுற்று குறுக்கே வந்து வேண்டுமென்றே இறக்கிவிடும்.

ஆனால் படம் எதுவும் ஏழு சேனலிலும் முழு அளவு ஒற்றைச் சுரத்தைத் தொடர்ந்து அனுப்புவதில்லை. முன்பக்கம் மூன்றும்தான் வேலையில் பெரும்பங்கைச் செய்கின்றன. எல்லாச் சேனலையும் இயக்கிய சோதனையில் எண் குறைவாக வந்தது என்பதற்காக மட்டும் ஒரு ரிசீவரைத் தூக்கி எறிய வேண்டாம்.

நடு இருக்கைக்கு ஒன்று: ரிசீவரின் அமைப்புப் பட்டியலில் ஸ்பீக்கர் மின்தடையை 4 ஓம் என்று மாற்றி வைத்திருக்கிறீர்களா? பல கருவிகளில் அந்தத் தெரிவு உள் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். வெப்பம் குறையும், திறனும் சேர்ந்தே குறையும். 8 ஓமிலேயே விட்டு, காற்றோட்டத்தைச் சரிசெய்து, சூட்டைக் கவனித்து ஓட்டுவது என் வழக்கம்.

மந்தரஸ்தாயி:

ஈயப்பற்று சொன்னதோடு சேர்த்து நடு இருக்கையின் அறைக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாட்டை மறந்துவிட்டு வோல்ட்டில் யோசித்தால் எளிது.

திரையரங்க அளவுகோலின்படி ரிசீவரின் ஒலி எண் 0 என்று காட்டும்போது, ஒவ்வொரு முதன்மைச் சேனலும் இருக்கையில் 105 டெசிபல் உச்சத்தைத் தர வேண்டும். உங்கள் ஸ்பீக்கர் 2.83 வோல்ட்டில் 1 மீட்டரில் 86 தருகிறது. 4 மீட்டர் தொலைவில் திறந்தவெளிக் கணக்கில் 12 டெசிபல் போய்விடும். சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும், 5 என்று வைத்துக்கொள்கிறேன். ஆக 2.83 வோல்ட்டுக்கு இருக்கையில் 79 டெசிபல்.

ஒலி எண் 0 என்றால் 26 டெசிபல் ஏற வேண்டும். அது 56 வோல்ட்டுக்குச் சற்று மேல், 4 ஓமில் 800 வாட். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு கருவிகளாலும் அது ஆகாது.

ஒலி எண் -10 என்றால் உச்சம் 95 டெசிபல். தேவை 18 வோல்ட், 80 வாட்.

ஒலி எண் -15 என்றால் 10 வோல்ட், 25 வாட்.

உங்கள் ரிசீவரின் 105 வாட் 8 ஓமில் 29 வோல்ட். புதிய ஆம்ப்ளிபையரின் 200 வாட் 40 வோல்ட். இப்போது சொல்லுங்கள், கரகரப்பு எந்த ஒலி எண்ணில் தொடங்குகிறது? தானியங்கி அளவீடு (இருக்கையில் மைக் வைத்து ரிசீவரே ஸ்பீக்கர்களை அளப்பது) முடிந்தபின் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரிசீவர் வைத்த டெசிபல் திருத்தம் என்ன? நடு ஸ்பீக்கரின் குறுக்குவெட்டு அதிர்வெண், அதாவது எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூபருக்குப் போகிறதோ அந்த எல்லை, என்ன?

இரவுக்காட்சி:

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் -25க்கு மேல் ஏற்றுவதே இல்லை, வீட்டில் மற்றவர்கள் உறங்குகிறார்கள். அந்த அளவில் ரிசீவர் சில வாட்டுகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பவர் ஆம்ப்ளிபையருக்கு என்று சேர்த்த பணத்தில் இரண்டாவது சப்வூபர் வாங்கினேன். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தாழ்சுரம் ஒரே சீராக வந்தது. மெல்ல ஒலிக்கவிட்டுக் கேட்பவர்கள் இந்த வழியை முதலில் யோசிக்க வேண்டும்.

நடு இருக்கை:

மின்தடைத் தெரிவு 8 ஓமில்தான் இருக்கிறது. கரகரப்பு -10இல் தெளிவாகக் கேட்கிறது, -15இல் இல்லை. இடது, வலது ஸ்பீக்கர்களுக்குத் திருத்தம் 0. நடு ஸ்பீக்கருக்கு +4. குறுக்குவெட்டு இடது வலதுக்கு 80 ஹெர்ட்ஸ். நடு ஸ்பீக்கரைத் தானியங்கி அளவீடு "பெரியது" என்று முடிவுசெய்து முழு வீச்சில் விட்டிருக்கிறது.

மந்தரஸ்தாயி, உங்கள் கணக்கில் -10க்கு 18 வோல்ட் போதும் என்று வருகிறதே? ரிசீவரிடம் 29 இருக்கிறது. பிறகு ஏன் கரகரப்பு?

மந்தரஸ்தாயி:

விடை அந்த +4இல் இருக்கிறது. தயாரிப்பாளர் தாளில் மூன்று ஸ்பீக்கருக்கும் 86 என்று எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் அறையில், உங்கள் இருக்கையில் மைக் வைத்து அளந்த ரிசீவர் வேறு சொல்கிறது: அதே ஒலியளவுக்கு நடு ஸ்பீக்கர் மற்ற இரண்டைவிட 4 டெசிபல் கூடுதல் மின்னழுத்தம் கேட்கிறது. 18 வோல்ட்டோடு 4 டெசிபல் சேர்த்தால் 28 வோல்ட். ரிசீவரின் விளிம்பு 29. அதற்கு மேல், அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் அறைத் திருத்தம் 150 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் தூக்கியிருந்தால், அந்த அதிர்வெண்ணில் 40 வோல்ட் தேவைப்படும்.

28 வோல்ட் 4 ஓமில் 7 ஆம்பியர். பெயருக்கு 4 ஓம் என்று சொல்லும் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 3 ஓமுக்கும் இறங்கும், அங்கே 9 ஆம்பியரைத் தாண்டிவிடும். அதுவும் வெடிச் சத்தத்தில் இடதும் வலதும் அதே டிரான்ஸ்பார்மரைப் பிடித்து இழுக்கும் அதே நொடியில். இதில் முழு வீச்சு வேறு: 30, 40 ஹெர்ட்ஸ் அதிர்வையும் அந்தச் சின்ன நடுப் பெட்டிதான் சுமக்கிறது. அந்தச் சேனலின் தாழ்சுரத்தில் சப்வூபருக்குப் பங்கே இல்லை.

இன்று இரவே செய்யக்கூடியது: நடு ஸ்பீக்கரைச் "சிறியது" என்று மாற்றி 80 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள், முடிந்தால் 100இல். அதே காட்சியை அதே -10இல் போட்டுப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

சுருதிப்பெட்டி:

இதை நான் மறுக்கவில்லை, நல்ல யோசனை. ஆனால் நான் சொன்ன வித்தியாசம் உரத்த ஒலியில் மட்டும் வருவது அன்று. நடுத்தர அளவில், நிதானமான வாய்ப்பாட்டில் கேட்டது. இரண்டு கருவிகளையும் ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டோம். அங்கிருந்த எல்லோருக்கும் தனி ஆம்ப்ளிபையர்தான் பிடித்தது.

ஈயப்பற்று:

கேட்டதை நம்புகிறேன். ஆனால் இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்தினீர்களா? அதைச் செய்யாத ஒப்பீடு எதையும் காட்டாது.

காரணம் இதுதான். ஓர் ஆம்ப்ளிபையரின் பெருக்கம் (உள்ளே வரும் மின்னழுத்தத்தை அது உயர்த்தும் அளவு) 29 டெசிபல், இன்னொன்றுக்கு 26 என்றால், ஒலிக் குமிழைத் தொடாமலே முதலாவது 3 டெசிபல் உரக்க ஒலிக்கும். ஒரு டெசிபலுக்கும் குறைவான வித்தியாசத்தை நம் காது "சத்தம் கூடிவிட்டது" என்று உணர்வதில்லை. "தெளிவாக இருக்கிறது, உடம்பு வந்திருக்கிறது" என்றே உணர்கிறது. அதனால் சோதிப்பவர்கள் 0.1 டெசிபலுக்குள் கொண்டுவருகிறார்கள்.

செய்முறை கடினமில்லை. 100 ஹெர்ட்ஸ் சோதனைச் சுரத்தை ஓடவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர்களில் பல உயர் அதிர்வெண்ணில் பிசகும், 100இல் நம்பலாம். மீட்டரை மாறுமின்னழுத்தத்தில் வைத்து, இரு முனைகளையும் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். முதல் கருவியில் 2.83 வோல்ட் வரும்படி வையுங்கள். இரண்டாவதிலும் 2.80க்கும் 2.86க்கும் நடுவில் வரும்வரை சரிசெய்யுங்கள். 0.1 டெசிபல் என்றால் அந்த 0.03 வோல்ட்தான். பிறகு எது ஓடுகிறது என்று தெரியாதவர்கள் கேட்டுச் சொல்லட்டும். வெட்டுப்படாத அளவில் ஓடும் இரண்டு ஒழுங்கான கருவிகளை இப்படி வைத்துப் பிரித்துச் சொன்னவரை என் பட்டறையில் நான் இன்னும் பார்க்கவில்லை.

சுருதிப்பெட்டி:

சமப்படுத்தவில்லை. நீங்கள் சொன்ன முறையில் செய்து பார்க்க ஆர்வமாக இருக்கிறேன், கருவி இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு கருவியை வாங்குகிறவர் பல ஆண்டு அதனோடு வாழப்போகிறார். மின்விசிறி இரைச்சல், தொடும்போது சூடு, ஒவ்வொரு முறையும் "போதுமா போதாதா" என்ற சந்தேகம் இவையும் மதிப்பின் பங்குதான். பெரிய ஆம்ப்ளிபையர் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது.

இரவுக்காட்சி:

அது நியாயமான பேச்சு. ஏபி வகுப்பா டி வகுப்பா என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. டி வகுப்பு என்றாலே மேல்சுரம் வறண்டிருக்கும் என்று படித்திருக்கிறேன். உண்மையா?

ஈயப்பற்று:

ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. டி வகுப்பில் வெளியீட்டின் கடைசியில் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி ஒன்று நிற்கும். பின்னூட்டத்தை (வெளியீட்டைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து பிழையைத் திருத்துவதை) அந்த வடிகட்டிக்கு முன்னாலேயே எடுத்துவிட்டால், ஸ்பீக்கரின் மின்தடைக்கு ஏற்ப மேல்சுரம் ஏறும் அல்லது இறங்கும். 8 ஓமில் நேராக இருந்த கோடு 4 ஓமில் வளையும். மலிவான கருவிகளில் இன்றும் இது உண்டு. ஹைபெக்ஸின் என்கோர், ப்யூரிஃபையின் ஐகன்டாக்ட் போன்ற தொகுதிகளில் பின்னூட்டத்தை வடிகட்டிக்குப் பின்னாலிருந்து எடுக்கிறார்கள். சுமை மாறினாலும் கோடு அசையாது. திரிபும் இரைச்சலும் பல ஏபி கருவிகளைவிடக் குறைவு. ஆகவே வகுப்பின் பெயரைக் கேட்காதீர்கள். உள்ளே எந்தத் தொகுதி இருக்கிறது, 4 ஓமிலும் 8 ஓமிலும் அதிர்வெண் வரைபடம் ஒன்றின்மேல் ஒன்று படிகிறதா என்று கேளுங்கள்.

எடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏபி வகுப்பில் எடை என்பது டிரான்ஸ்பார்மரும் வெப்பத்தகடும், அது பயனுள்ள அடையாளம். டி வகுப்பில் கனமான டிரான்ஸ்பார்மர் தேவைப்படாத ஸ்விட்சிங் மின்வழங்கி வந்துவிட்டால் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. டி வகுப்புக் கருவிகளில் சில பாலச் சுற்று முறையில் இருக்கும், அவற்றின் கறுப்பு முனையிலும் மின்னழுத்தம் உண்டு. அலைகாட்டியின் தரைக் கவ்வியை அதில் மாட்டினால் வெளியீட்டுச் சுற்று எரிந்துபோகும். அளக்க விரும்புகிறவர்கள் கையேட்டைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

மந்தரஸ்தாயி:

வாங்குமுன் எல்லோரும் மறக்கும் இன்னொரு எண், பெருக்கம். 29 டெசிபல் என்றால் 28 மடங்கு. 40 வோல்ட் வெளியே வர உள்ளே 1.4 வோல்ட் போதும். அதுவே 23 டெசிபல் என்றால் 2.8 வோல்ட் கொடுக்க வேண்டும். பல ரிசீவர்களின் முன்வெளியீடு (வெளி ஆம்ப்ளிபையருக்குச் சமிக்ஞை தரும் முனை) 2 வோல்ட்டைத் தாண்டுவதற்குள் தானே திரிந்துவிடுகிறது. அதோடு இணைத்தால் 200 வாட் கருவி 100 வாட்டைக்கூடச் சுத்தமாகத் தராது. சில ரிசீவர்களில் உள் ஆம்ப்ளிபையர்களைத் துண்டித்துவிடும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் முன்வெளியீடு அதிக மின்னழுத்தம் வரை சுத்தமாகப் போகும். உங்கள் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

பெருக்கம் கூடினால் இரைச்சலும் கூடும், ஆனால் 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு அது கவலையில்லை. 100 டெசிபல் ஹார்ன் வகை வைத்திருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும். வெளியீட்டில் 0.3 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால் அவர்களுக்கு 1 மீட்டரில் 20 டெசிபல் சீறல் கேட்கும். 0.05 என்றால் கேட்காது.

நடு இருக்கை:

செய்து பார்த்தேன். நடு ஸ்பீக்கரை 100 ஹெர்ட்ஸில் வெட்டியதும் அதே காட்சி -10இல் சுத்தமாகப் போகிறது. வெடிச் சத்தம் முன்பைவிடக் கனமாகவும் இருக்கிறது, இப்போது சப்வூபர் அதைத் தாங்குகிறது. -7க்கு ஏற்றினால் மட்டும் கரகரப்பு திரும்பி வருகிறது. வார இறுதியில் நண்பர்கள் வரும்போது -7இல் பார்ப்பது வழக்கம், அதை விட மனமில்லை.

5 சேனலுக்குப் பதிலாக முன்பக்கம் மூன்றுக்கு மட்டும் 3 சேனல் ஆம்ப்ளிபையர் வாங்கினால் போதுமா? பழைய கருவி என்றாலும் பரவாயில்லை.

ஈயப்பற்று:

போதும். பின்பக்கமும் மேல்பக்கமும் ரிசீவரே பார்த்துக்கொள்ளும். மூன்று கனமான சேனல்களின் சுமை நீங்கியதால் அதற்கும் மூச்சு கிடைக்கும். 3 டெசிபலுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்பதால் 8 ஓமில் 200 வாட்டும், 4 ஓமில் 350 வாட்டுக்குக் குறையாமலும் தருவதாகப் பாருங்கள். 4 ஓம் எண்ணையே வெளியிடாத கருவி உங்கள் ஸ்பீக்கருக்கு ஆகாது.

பழையது நல்ல யோசனை. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் திரையரங்குக்கு 2012இலும் வீட்டுக்கு 2014இலும் வந்தது. அதற்கு முந்தைய ரிசீவர்கள் அன்றே பழசாகிவிட்டன. படமும் ஒலியும் கடத்தும் எச்டிஎம்ஐ இணைப்பின் 2.1 பதிப்பு வந்தபோது மறுபடி அதே கதை. பவர் ஆம்ப்ளிபையருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, வோல்ட் உள்ளே போய் வோல்ட் வெளியே வருகிறது. அதனால் செலவை ஆம்ப்ளிபையரில் போட்டு, ரிசீவரைத் தேவைப்படும்போது மாற்றுவது நீண்ட கணக்கில் லாபம்.

நேரில் போய்ப் பார்க்கும்போது மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளீடு எதுவும் இல்லாமல் ஒவ்வொரு சேனலின் வெளியீட்டிலும் நேர்மின்னழுத்தத்தை அளங்கள். சில மில்லிவோல்ட் முதல் 30 வரை நல்லது, 100ஐத் தாண்டினால் வேண்டாம். பிறகு மிகக் குறைந்த ஒலியில் பாட்டைப் போட்டு ஒவ்வொரு சேனலாகக் கேளுங்கள். ஒரு சேனல் மங்கி, ஒலியை ஏற்றியதும் டக்கென்று உயிர்பெற்றால் ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கிறது. அது சின்னச் செலவு, விலையைக் குறைத்துக் கேட்கலாம். மின்தேக்கியின் தலை உப்பியிருந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். அலமாரிக்குள் அடைத்து வைத்திருந்த கருவியா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது.

நடு இருக்கை:

குறித்துக்கொண்டேன். 4 ஓமில் 380 வாட் என்று எழுதியிருக்கும் ஏபி வகுப்பு 3 சேனல் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, பெருக்கம் 29 டெசிபல். நாளை மீட்டரோடு போகிறேன்.

மந்தரஸ்தாயி:

இணைத்தபின் தானியங்கி அளவீட்டை முதலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். பெருக்கம் ரிசீவரின் உள் ஆம்ப்ளிபையரோடு ஒத்துப்போகாவிட்டால் முன்பக்கம் மூன்றின் திருத்தமும் மொத்தமாக நகரும். அளவீடு முடிந்ததும் நடு ஸ்பீக்கரை அது மறுபடி "பெரியது" ஆக்கியிருக்கும், கையால் 100க்குக் கொண்டுவாருங்கள். புதிய திருத்த எண்களை இங்கே போடுங்கள், -7க்குக் கணக்குப் பார்த்துவிடலாம்.